முதுகு கேட்ட மன்னிப்பு

அக்டோபர் 9, வியாழன்

"உடம்பு என்பது நம்மிடம் இருக்கும் ஒரு பொருள் அல்ல. நாமேதான் உடம்பு" என்று சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்து குப்பைக்கூடைக்குள் கால் விட்டேன். பிளாஸ்டிக் கூடை. கழன்று வரவில்லை. கூடையோடு கரும்பலகை வரை போய், "மனம்" என்று எழுதிவிட்டு, கூடையோடு திரும்பி வந்தேன். பிள்ளைகள் சிரிக்கவில்லை. கியோட்டோவில் பிள்ளைகள் சிரிக்கமாட்டார்கள், குறிப்பு எடுப்பார்கள். முன்வரிசைப் பெண் கூடையையும் வரைந்துகொண்டாள் என்று நினைக்கிறேன்.

நவீன ஜப்பானியத் தத்துவத்தில் உடம்பு. இதுதான் நான் இருபது வருஷமாக நடத்தும் பாடம். வருஷா வருஷம் சொல்லும் நகைச்சுவையையும் சொல்லிவிட்டேன்: ஐரோப்பாக்காரர்கள் மனசை ஓர் அறையிலும் உடம்பை இன்னோர் அறையிலும் குடிவைத்துவிட்டு, நடுவில் கதவு எங்கே என்று முந்நூறு வருஷம் தேடினார்கள். நம்மவர்கள் அந்தப் புத்தகங்களையெல்லாம் கப்பலில் வரவழைத்துப் படித்துவிட்டு, "முதலில் இந்தச் சுவரைக் கட்டியது யார்?" என்று கேட்டார்கள்.

இதற்கும் சிரிக்கவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

சுகிதானி சார் கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் புலத் தலைவர். ஏழு தலைமுறை கியோட்டோக்காரர். அவர் திட்டினால் பயப்பட வேண்டாம், பாராட்டினால் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும்.

"உங்க வகுப்பு எவ்வளவு அமைதியா இருக்கு மேடம்! அந்தப் பக்கம் நடந்து போனாலே மனசு நிம்மதியாயிடுது" என்றார்.

அறைக்குத் திரும்பி வந்து இதை மொழிபெயர்த்தேன். வகுப்பில் ஆளே இல்லை. வரும் ஏப்ரலிலிருந்து பாடமே இல்லை.

அப்புறம் நான்? "உடம்பைப் பத்தி உங்களுக்கு இருக்கிற ஞானம் வீணாயிடக் கூடாது" என்று என்னை வேலைவாய்ப்புப் பிரிவுக்கு மாற்றப் போகிறாராம். நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு எப்படிக் குனிந்து வணங்குவது என்று சொல்லித்தர வேண்டும். லேசான வணக்கம், நடுத்தர வணக்கம், மன்னிப்பு வணக்கம். சுவரில் கோணமானி படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள், பார்த்திருக்கிறேன். ஒரு பொம்மை அதன் மேல் இடுப்பை மடக்கிக்கொண்டு நிற்கும். அந்தப் பொம்மையின் இடத்தில்தான் நான்.

தப்பிக்க ஒரே வழி இருக்கிறது என்றார். ஆற்றுக்கு அந்தப் பக்கப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கூட்டு வகுப்பு. அங்கே இதே பாடத்தை நடத்துகிறவர் டிசம்பர்க் கூட்டத்துக்கு முன்னால் சம்மதம் தர வேண்டும். "நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆசிரியர்கிட்ட படிச்சவங்களாமே. எவ்வளவு நெருக்கமா இருப்பீங்க!"

மனுஷனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் சொல்கிறார்.

அக்டோபர் 15

ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோகுராவிடம் போய் நிற்பதா? அதற்கு இன்னொரு காலையும் கூடைக்குள் விடலாம்.

அக்டோபர் 19, ஞாயிறு

கோபத்தை எழுதி வைத்தால் ஆறும் என்கிறார்கள். எழுதிப் பார்க்கிறேன்.

தோகுராவும் நானும் ஒரே ஆசிரியரின் மாணவர்கள். ஒரே மேசை, ஒரே நூடுல்ஸ் கடை, ஒரே சண்டை. மனமும் உடம்பும் பிறக்கும்போதே ஒன்றுதான், குழந்தையைப் பார், என்பான் அவன். இல்லை, அது பழகிப் பழகிச் சம்பாதிப்பது என்பேன் நான். நீச்சல்காரனுக்கும் வாள்வீரனுக்கும் தியானத்தில் உட்காருகிறவனுக்கும் முதலில் உடம்பு ஒரு வடிவத்துக்குள் போகிறது, மனசு பின்னாலேயே செருப்பைத் தேடிக்கொண்டு வந்து சேர்கிறது. நம் தத்துவத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்று மேசையைத் தட்டுவேன். நூடுல்ஸ் ஆறிப் போகும். நல்ல நாட்கள்.

ஆசிரியர் போய்ச் சேர்ந்தார். நினைவுச் சடங்கில் பிக்கு ஓதினார், ஓதினார், ஓதிக்கொண்டே இருந்தார். குதிகால் மேல் உட்கார்ந்திருந்த என் கால் இரண்டும் மரத்துப்போய் யாருடைய கால்களோ ஆகிவிட்டன. ஊதுபத்தி ஏற்ற என் முறை வந்தது. எழுந்தேன். எழுந்ததாக நினைத்தேன். நேராகச் சாம்பல் கிண்ணத்தின் மேல். ஆசிரியரின் படத்தில் சாம்பல், என் மூக்கில் சாம்பல், பிக்கு ஓதுவதை நிறுத்தவில்லை.

அதோடு போயிருந்தால் நானே காலமெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பேன். அடுத்த மாதம் டோக்கியோவில் பெரிய மாநாடு. நான் கட்டுரை படித்து முடித்ததும் தோகுரா கை தூக்கினான். "தன் காலே தனக்கு அடங்காத ஒருத்தங்க, உடம்பை அடக்கற வித்தையைப் பத்தி இவ்வளவு அழகா பேசறது எப்படின்னு எனக்கு ஒரு சந்தேகம்" என்றான். அப்புறம் சாம்பல் கதை. தத்துவ மாநாட்டில் யாரும் சிரிப்பதில்லை, அன்றைக்குச் சிரித்தார்கள்.

பத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. புத்தாண்டு அட்டைகூட இல்லை. அவன் கட்டுரைகளை நான் மேற்கோள் காட்டுவதில்லை, திட்டுவதற்குக்கூட.

ஆறவில்லை. இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 3, திங்கள், விடுமுறை

வீட்டுக்காரரிடம் சொன்னேன். யசுஹிகோவுக்குக் காப்பீடு விற்கிற உத்தியோகம். வாழ்நாளில் குனிந்த குனிவையெல்லாம் கூட்டினால் பூமியை ஒரு சுற்று சுற்றிவிடலாம்.

"போய்க் குனிஞ்சுட்டு வாயேன். குனியறதுக்குக் காசா பணமா?" என்றார்.

"அவன்தாங்க எங்கிட்ட குனியணும்."

"சரி, அப்ப லேசாக் குனி. அது வெறும் வணக்கம், மன்னிப்புல சேராது."

இவருக்குப் புரியவில்லை. பிரச்சினை மானம் இல்லை, தத்துவம். உடம்பு முதலில் போகும், மனசு பின்னால் வரும் என்று இருபது வருஷமாக நான்தானே கத்துகிறேன்? அப்படியென்றால் தோகுராவின் முன்னால் நான் ஆழமாகக் குனிந்தால் என்ன ஆகும்? கோபம் போய்விடும்! என் கோபம் எனக்கு வேண்டும். கஷ்டப்பட்டு வளர்த்தது.

ஆகவே லேசான வணக்கம்தான். குளியலறைக் கண்ணாடி முன்னால் பழகினேன். சக ஆசிரியருக்குச் செய்கிற அளவு, அதற்கு மேல் மயிரிழைகூட இல்லாமல். "என்னம்மா, கண்ணாடிகிட்ட பாலிசி விக்கறியா?" என்று வெளியிலிருந்து குரல்.

நவம்பர் 12

தோகுராவுக்குத் தொலைபேசினேன். அவன் மனைவி ஷிசுயே எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வரச் சொன்னார். காபிக் கடை என்றால் நாற்காலி இருக்கும், தலையை ஆட்டிவிட்டு வரலாம். வீடு என்றால் தத்தாமிப் பாய். பாய் என்றால் மண்டியிட்டு, இரண்டு கையும் ஊன்றி...

பரவாயில்லை. பாயிலும் லேசாகக் குனியலாம்.

நவம்பர் 15, சனி

குளிர் ஆரம்பித்துவிட்டது. கணப்புக்கு மண்ணெண்ணெய் வாங்கி வந்த கேனை வாசலிலிருந்து நானே தூக்கினேன். ஏன் தூக்கினேன்? எதிர்வீட்டு அம்மா, "இந்த வயசுல இவ்வளவு தெம்பு! எங்களுக்கெல்லாம் வராதுங்க" என்று சொல்லிவிட்டார். அது பாராட்டா எச்சரிக்கையா என்று யோசித்து முடிப்பதற்குள் தூக்கிவிட்டேன்.

இடுப்பில் என்னவோ ஒன்று மெல்லத் திரும்பிப் படுத்தது. எரியவில்லை, வலிக்கவில்லை. உள்ளே யாரோ குடிவந்த மாதிரி.

நவம்பர் 16, ஞாயிறு

படுத்துக்கொண்டு எழுதுகிறேன். கோணல் எழுத்துக்குக் காரணம் அதுதான். ஒன்றும் விடாமல் எழுத வேண்டும்.

போனேன். ஷிசுயே உள்ளே அழைத்துப் போனார். பாய் விரித்த அறை, கீழே ஒரு மேசை, ஓரத்தில் சுருண்டு படுத்த ஒரு பூனை. தோகுரா வந்து எதிரே உட்கார்ந்தான். தலை வெளுத்துப்போய்விட்டது. அதைப் பார்த்ததும் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

கொண்டுபோன மோச்சி இனிப்புப் பெட்டியைத் துணியிலிருந்து எடுத்தேன், பாய் மேல் அவன் பக்கமாகத் தள்ளினேன், கைகளை ஊன்றி, கண்ணாடியில் பழகிய அளவுக்குத் தலையைத் தாழ்த்தினேன்.

கடக்.

குடிவந்தவர் எழுந்து நின்றுவிட்டார். இடுப்பு பூட்டிக்கொண்டது. நிமிரப் பார்த்தேன், கண்ணில் மின்னல். மேலே போக வழி இல்லை, கீழே போகத்தான் வழி இருந்தது. போனேன். முழங்கை மடங்கி, நெற்றி பாயைத் தொட்டது. தரையோடு தரையாக. எங்கள் ஊரில் கம்பெனி திவாலானால்தான் முதலாளிகள் இப்படிக் குனிவார்கள்.

பேச்சு வரவில்லை. மூச்சு விட்டாலே வலித்தது. காலம் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு நொடியும் என் மரியாதை ஆழமாகிக்கொண்டே போவது எனக்கே தெரிந்தது.

அப்போது எதிரே துணி சரசரத்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். தோகுராவும் குனிந்துவிட்டான்! வந்த விருந்தாளி நெற்றி பாயில் பட இருக்கும்போது வீட்டுக்காரன் எப்படி நிமிர்ந்து உட்காருவான்? அவனும் நெற்றியைப் பாயில் வைத்தான். வைத்தவன் எழுந்திருக்கவில்லை. எப்படி எழுந்திருப்பான்? நான் இன்னும் எழுந்திருக்கவில்லையே.

இரண்டு தத்துவப் பேராசிரியர்கள். நடுவில் ஒரு மோச்சிப் பெட்டி.

கதவு நகர்கிற சத்தம். ஷிசுயே தேநீரோடு வந்துவிட்டார். அப்புறம் தட்டு பாயில் இறங்குகிற சத்தம், துணி மடிகிற சத்தம். அந்த அம்மாவும் குனிந்துவிட்டார்.

பூனை மட்டும் எழுந்து எங்களைச் சுற்றி வந்தது.

அந்தக் குனிவிலேயேதான் தோகுரா பேச ஆரம்பித்தான். என் பெயரைச் சொல்லி, பாயிடம் பேசினான்.

"இசோகாய். அன்னைக்கு டோக்கியோவுல நான் சொன்னது தப்பு. எல்லாரும் சிரிச்சாங்க. சொல்லி முடிச்ச உடனே எனக்கே அது தெரிஞ்சுபோச்சு. இன்னைக்கு வரைக்கும் அந்தச் சிரிப்பு காதுல கேக்குது."

அவன் விடவில்லை.

"உன் கட்டுரை வந்தா முதல்ல அடிக்குறிப்பைத்தான் பார்ப்பேன். எங்கேயாவது என்னைத் திட்டியிருக்கியான்னு. திட்டக்கூட மாட்டேங்கறியே."

பல்லைக் கடித்துக்கொண்டு நானும் பாயிடமே சொன்னேன்: "திட்டினா அதை எடுத்து நீ மேற்கோளாப் போட்டுக்குவே."

அவன் சிரித்தான். பாயில் முகம் வைத்துச் சிரித்தால் கொக்கரிப்பு மாதிரி வரும். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பு உயிரை எடுத்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. வலியாலா, சிரிப்பாலா, வேறு எதனாலா? அந்த நேரத்தில் யார் பிரித்துப் பார்ப்பது?

ஷிசுயேதான் காப்பாற்றினார். பக்கத்தில் ஒரு மெத்தையை விரித்து, தோளுக்குக் கீழே கை கொடுத்து, "இந்தப் பக்கமா சாஞ்சுக்குங்க மேடம்" என்று மெத்தையில் மெல்ல உருட்டிவிட்டார். தோகுரா கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்போதுதான் எழுந்தான். "கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டேன்" என்றேன். வேறு என்ன சொல்வது? இந்தத் தடவை இடுப்பு அடங்கலை என்றா? அவனிடமா? அதற்கு மெத்தையிலேயே செத்துப்போவேன்.

நான் கேட்பதற்குள் அவனே சொல்லிவிட்டான். "கூட்டு வகுப்பு விஷயமாத்தானே? சுகிதானி போன் பண்ணினார். சரின்னுட்டேன்."

சரின்னுட்டானாம்! அப்படியென்றால் நான் வந்திருக்கவே வேண்டாம்?

டாக்சியில் படுத்தபடி வந்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, கடைசியில் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார்.

நவம்பர் 17

நகர முடியவில்லை. யசுஹிகோ கஞ்சி கொடுத்தார். "லேசாக் குனியறேன்னியே?" என்றார். தலையணையை எறிய நினைத்தேன். கை வரவில்லை.

நவம்பர் 20, வியாழன்

ஷிசுயேயிடமிருந்து பார்சல். மேலே டர்னிப் ஊறுகாய். கீழே இடுப்பில் ஒட்டுகிற வலிப் பிளாஸ்திரி, பெரிய டப்பா.

குளிர்காலத்தில் ஐம்பது தாண்டியவர்களுக்கு இதைத்தான் அனுப்புவார் போலிருக்கிறது. நல்ல அம்மா. ஒன்றை உடனே ஒட்டிக்கொண்டேன்.

நவம்பர் 24, திங்கள்

மனசாட்சி பிளாஸ்திரியை மீறி உறுத்துகிறது.

அவன் மன்னிப்புக் கேட்டது, நான் தரையில் விழுந்து வணங்கினேன் என்று நம்பி. நான் வணங்கவில்லை. மண்ணெண்ணெய் கேன் வணங்கியது. இது மோசடி இல்லையா? பொய்க் கையெழுத்துப் போடுவதற்கும் பொய் முதுகு போடுவதற்கும் என்ன வித்தியாசம்?

ஆனால் ஒன்று. கோபத்தைத் தேடிப் பார்த்தேன். அது வழக்கமாக இருக்கும் இடத்தில் இல்லை. மாநாட்டை நினைத்துப் பார்த்தேன், சிரித்த முகங்களை நினைத்துப் பார்த்தேன், சாம்பலை நினைத்துப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது! உடம்பு போனது, மனசு பின்னால் வந்துவிட்டது, நான் பயந்த மாதிரியே. அப்படியானால் ஜெயித்தது என் கட்சி.

ஒருவேளை... மனமும் உடம்பும் முதலிலிருந்தே ஒன்றுதான், எனக்கு முன்பே என் முதுகுக்கு மன்னிக்கத் தோன்றிவிட்டது, அதனால்தான் மடங்கியது என்று அவன் சொல்லலாம். அப்படியானால் ஜெயித்தது அவன் கட்சி.

ஒரு முதுகை வைத்துக்கொண்டு எத்தனை பேர்தான் சண்டை போடுவது!

சொல்லிவிடலாமா? சொன்னால் கோபித்துக்கொண்டு கையெழுத்துப் போடாமல் விட்டால்? கோணமானிப் பொம்மை கண் முன்னால் வருகிறது. கூட்டம் முடியட்டும்.

டிசம்பர் 11, வியாழன்

கூட்டு வகுப்புக்கு அனுமதி. பாடம் பிழைத்தது. சுகிதானி சார், "இனிமே அந்த நடைபாதையில நிம்மதி போயிடுமே" என்று வருத்தப்பட்டார். இதுதான் அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மையான பாராட்டு. நடுத்தர வணக்கம் ஒன்று வைத்தேன், சுவரைப் பிடித்துக்கொண்டு.

ஜனவரி 1

தோகுராவிடமிருந்து புத்தாண்டு அட்டை. எங்கள் கணக்கில் இது குதிரை வருஷம். எல்லோரும் பாய்ந்து ஓடுகிற குதிரை அனுப்பியிருக்கிறார்கள். இவன் தலையைக் குனிந்து புல் மேய்கிற குதிரை ஒன்றைத் தானே வரைந்து அனுப்பியிருக்கிறான். நாய் மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 18

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று தொலைபேசியை எடுத்தேன். பாடத்திட்டம் பேசினோம், புத்தகப் பட்டியல் பேசினோம், அவனுடைய பழைய குழந்தை உதாரணத்தைப் பற்றி ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். சொல்லவில்லை. "சரி, வெச்சிடறேன், நன்றி, நன்றி" என்று முடிக்கும்போது பின்னால் வீட்டுக்காரர் சிரித்தார். சுவரைப் பார்த்துத் தொலைபேசிக்குக் குனிந்து குனிந்து எழுந்துகொண்டிருந்தேன். இந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் தோகுராவுக்கா?

ஏப்ரல் 9, வியாழன்

முதல் கூட்டு வகுப்பு. இரண்டு பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளும் சேர்ந்து அறை நிறைந்துவிட்டது. குப்பைக்கூடையை முதல் வேலையாக வெளியே வைத்தேன்.

உடம்பு முன்னால் போய் மனசு பின்னால் வருவதற்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள் என்று ஒரு பையன் கேட்டான். என்னிடம் இருந்தது ஒரே உதாரணம். தோகுரா பக்கத்தில் நிற்கிறான். ஆனாலும் சொன்னேன். சாம்பல் கிண்ணத்திலிருந்து ஆரம்பித்து, மாநாடு, மண்ணெண்ணெய் கேன், கடக், நெற்றி, பூனை, எல்லாம் சொன்னேன். அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னேன். "ஆக, நான் இந்த சார்கிட்ட மன்னிப்பும் கேட்கலை, மன்னிக்கவும் இல்லை. இடுப்புப் பிடிச்சுக்கிச்சு. அவ்வளவுதான்" என்று முடித்தேன்.

கியோட்டோப் பிள்ளைகள் சிரித்தார்கள். சத்தமாக.

தோகுரா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"எனக்கு அந்தச் சத்தம் கேட்டுச்சு" என்றான்.

"எந்தச் சத்தம்?"

"கடக். சமையலறையில இருந்த ஷிசுயேவுக்கே கேட்டுச்சு. பின்ன பிளாஸ்திரி எதுக்கு அனுப்பினாள்னு நெனச்சே?"

பிள்ளைகள் பேனாவை நிறுத்திவிட்டார்கள். இத்தனை மாதம் நான் சுமந்த மோசடி எடையே இல்லாமல் போய்விட்டது.

"தெரிஞ்சும் நீ ஏன்யா குனிஞ்சே?"

அவன் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னான். "உன் மூஞ்சியைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குப் பதினோரு வருஷமா தைரியம் வரல. அன்னைக்கு உன்னால நிமிர்ந்து என்னைப் பார்க்கவும் முடியாது, எழுந்து போகவும் முடியாதுன்னு தெரிஞ்சுது. இதைவிட நல்ல நேரம் எனக்கு வருமா?"

நான் இருபது வருஷம் நடத்திய பாடத்தில் இது எங்கேயும் இல்லை. அவன் எழுதிய புத்தகங்களிலும் இல்லை.

அப்புறம் முன்வரிசைப் பெண் (கூடையை வரைந்தவளேதான், மறுபடியும் சேர்ந்திருக்கிறாள்) கை தூக்கி, அந்த வணக்கத்தை ஒரு தடவை செய்து காட்ட முடியுமா என்று கேட்டாள். குறிப்பு எடுக்க வேண்டுமாம்.

மேசைகளை நகர்த்தினோம். தரையில் மண்டியிட்டோம். மெதுவாக, சரியாக, இரண்டு கையும் ஊன்றி, நெற்றி தரையில். இந்தத் தடவை நானேதான் குனிந்தேன். அவனும் குனிந்தான். முதலில் எழுந்திருப்பவர் கட்சி தோற்றது என்று தரையோடு தரையாக முணுமுணுத்தான். அறை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

அவன்தான் முதலில் எழுந்தான். பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் ஜெயித்தேன்.

இடுப்பு மறுபடியும் பிடித்துக்கொண்டது என்பதை அவனிடம் சொல்லவில்லை. சத்தம் கேட்டிருக்கும்.